இரும்புச் சுருள் சொல்லும் சேதி



இரும்பில் துளை போடும்போது கழிந்து விழும் சுருளைப் பற்றி இன்று பேசப் போகிறோம். 'குப்பைக்குப் போகிற பொருளைப் பற்றி ஒரு பேச்சா?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் இந்தக் குப்பையின் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. பீரங்கிப் பட்டறை முதல் செந்தூல் ரயில் பட்டறை வரையில் அந்த வரலாறு நீள்கிறது. தோட்டத்தை விட்டுப் பட்டறைக்கும் ஆலைக்கும் போகும் நம் பிள்ளைகளின் பிழைப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குச் சீவல் என்பது புதிய சொல் அன்று. விடியும் முன்னே பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, நிரைக்குப் போய், மரத்தின் பட்டையை மெல்லச் சீவி எடுத்த கைகள் நம்முடையவை. ஒரு நாளைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே சீவ வேண்டும். அதிகம் சீவினால் பட்டை சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம் படும், பட்டை முண்டு முண்டாக வளரும். மேலோட்டமாகச் சீவினால் பால் இறங்காது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி என்ற அறிஞர், பழைய வெட்டின் ஓரத்தையே மெல்லியதாக மீண்டும் மீண்டும் சீவும் முறையை ஆராய்ந்து சொன்னார். அதன் பிறகே மலாயாவில் ரப்பர் பெருந்தொழில் ஆயிற்று. நல்ல வெட்டுக்காரர் யார் என்று அறியக் கங்காணி மரத்தை மட்டும் பார்ப்பதில்லை. மரத்தடியில் விழுந்து கிடக்கும் பட்டைச் சீவலையும் பார்ப்பார். சீவல் ஒரே கனமாக இருந்தால் கை நன்றாகப் பழகியிருக்கிறது என்று பொருள்.

இரும்பிலும் இதே கதைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மரம் சீவும்போது கத்தி எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். துளை போடும்போது துரப்பணத்தின் முனை இரும்புக்குள்ளே மறைந்துவிடுகிறது. உள்ளே அது சீவுகிறதா, தேய்க்கிறதா, எரிகிறதா என்று எவராலும் பார்க்க முடியாது. உள்ளே நடப்பதை வெளியே வந்து சொல்வது ஒன்றே ஒன்றுதான், அந்தச் சுருள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதுபோல ஒரு துளைக்கு ஒரு சுருள் பதம்.

துளை போடும் கலை நம் முன்னோருக்குத் தெரியாத கலை அன்று. தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்று ஓர் ஊர் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1980களில் அங்கே அகழ்ந்து பார்த்தார்கள். இரும்பு உருக்கிய உலைகளும், பலவகைக் கல்மணிகளும் கிடைத்தன. மணி செய்ய எடுத்து, வேலை முடியாமல் விட்ட கற்களும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே மணி செய்யும் தொழிலும் இரும்புத் தொழிலும் பக்கம் பக்கமாக நடந்திருக்கின்றன. கல்லில் துளை போட்டவர்கள் பயன்படுத்திய கருவி வில் துரப்பணம். வில்லின் நாணை ஒரு கோலில் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் கோல் சுழலும். குஜராத்தில் கம்பாத் என்னும் ஊரில் அண்மைக்காலம் வரை கோலின் முனையில் சின்னஞ்சிறு வைரத் துண்டுகளைப் பதித்து, துளையில் நீரைச் சொட்டவிட்டுக் கொண்டே மணிகளில் துளையிட்டார்கள். நீர் எதற்கு? சூட்டைத் தணிக்க ஒன்று. துளைக்குள் சேரும் கல்தூளை வெளியே கொண்டுவர இன்னொன்று. துளையிடும் தொழிலின் இரண்டு பெரும் சிக்கல்களும் அங்கேயே வந்துவிட்டன. சூடு ஒன்று, கழிவு வெளியேறுவது மற்றொன்று. அன்று தொடங்கி இன்று வரையில் இந்த இரண்டோடுதான் மனிதன் போராடிக்கொண்டிருக்கிறான்.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகள். ஜெர்மனியின் மியூனிக் நகரத்துப் படைக்கலச் சாலையில் பீரங்கிகளின் குழலைக் குடையும் வேலையை ரம்ஃபோர்டு பிரபு என்பவர் மேற்பார்த்துவந்தார். குதிரைகள் சுற்றிவர, பீரங்கி சுழலும். குடையும் கருவி அதன் உள்ளே அழுந்தி நிற்கும். குடையக் குடையப் பீரங்கியும் அதிலிருந்து விழும் சீவலும் தாங்க முடியாத சூடாயின. இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டார். அக்காலத்து அறிஞர்கள், சூடு என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒருவகைத் திரவம், உலோகத்தைச் சீவும்போது அது வெளியேறுகிறது என்று நம்பினார்கள். ரம்ஃபோர்டு சீவலை எடுத்துச் சோதித்தார். வெட்டாத உலோகத் துண்டுக்கும் சீவலுக்கும் வெப்பம் ஏற்கும் தன்மையில் வேறுபாடே இல்லை. அப்படியானால் சீவலிலிருந்து எதுவும் கசிந்து போகவில்லை.

பிறகு அவர் வேண்டுமென்றே மழுங்கிய கருவியைப் பொருத்தி, சுற்றிலும் ஏறத்தாழ எட்டரைக் கிலோ தண்ணீர் நிறைத்து, குதிரையைக் கொண்டு சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில் நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. பார்த்தவர்கள் வியந்து நின்றார்கள். உராயும் அசைவுதான் சூடாக மாறுகிறது என்று ரம்ஃபோர்டு எழுதினார். இயற்பியலில் அது ஒரு பெரிய திருப்பம். ஆனால் பட்டறைக்காரருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. மழுங்கிய கருவி சீவாது, தேய்க்கும். தேய்த்தால் தண்ணீரே கொதிக்கும் அளவுக்குச் சூடு பிறக்கும். இன்றைக்கும் மழுங்கிய அலகை வைத்து அழுத்துகிறவர், தாம் அறியாமலே ரம்ஃபோர்டின் சோதனையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

அந்தக் காலத்துத் துரப்பண அலகு தட்டையானது. இரும்புக் கம்பியின் நுனியை அடித்துத் தட்டையாக்கி, அம்பு முனைபோலத் தீட்டிவிடுவார்கள். அது வெட்டும், ஆனால் வெட்டிய துகள் வெளியே வர வழி இல்லை. துளைக்குள்ளேயே அடைந்து நிற்கும். சற்று ஆழம் போனதும் அலகை வெளியே எடுத்துத் துகளைத் தட்டிவிட்டு மறுபடியும் இறக்க வேண்டும். இதற்கு விடையாக வந்ததுதான் இன்று நாம் எல்லாப் பட்டறையிலும் காணும் முறுக்கு அலகு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் மோர்ஸ் என்பவர் 1863ஆம் ஆண்டு ஏப்ரலில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அலகின் உடம்பில் இரண்டு பள்ளங்கள் திருகுபோல ஓடுகின்றன. முனை வெட்டுகிற சுருள் அந்தப் பள்ளங்களின் வழியே ஏறித் தானாகவே வெளியே வருகிறது. இன்றும் பெரிய துரப்பண இயந்திரங்களில் அலகைப் பொருத்தும் கூம்பு வடிவத்துக்கு 'மோர்ஸ் டேப்பர்' என்றுதான் பெயர்.

அந்தப் பள்ளங்களை வெட்டுவது எளிதாக இருக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. துப்பாக்கி உறுப்புகளில் துளை போட முறுக்கு அலகுகள் ஏராளமாக வேண்டியிருந்தன. தொழிலாளிகள் உருண்டை அரத்தைக் கொண்டு ஒவ்வொரு பள்ளத்தையும் கையாலேயே ராவி எடுத்தார்கள். இந்தச் சிரமத்தைப் போக்க ஜோசப் பிரௌன் என்பவர் 1862இல் ஒரு புதிய மில்லிங் இயந்திரத்தை உருவாக்கினார். பிற்காலத்தில் பல்சக்கரம் முதல் எத்தனையோ உறுப்புகளை வெட்டிக் கொடுத்த இயந்திரம் அது. சுருளுக்கு ஒரு வழி வெட்டப் போய், தொழில் உலகத்துக்கே ஒரு பெரிய வாசல் திறந்தது.

அடுத்து வருகிறவரைப் பற்றித் தொழிலாளர் குடும்பங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். அவர் பெயர் ஃபிரெடரிக் டெய்லர். ஃபிலடெல்ஃபியா நகரில் மிட்வேல் எஃகு ஆலையில் சாதாரணக் கூலியாகச் சேர்ந்து, மேஸ்திரியாக உயர்ந்தவர். உலோகத்தை வெட்டுவதற்குச் சரியான வேகம் எது, எவ்வளவு ஆழம் வெட்டலாம், கருவியை எந்தக் கோணத்தில் தீட்டலாம் என்பதெல்லாம் அக்காலத்தில் தொழிலாளியின் கைப்பழக்கத்தில் மட்டுமே இருந்தன. அவற்றை அளந்து எழுதிவிட வேண்டும் என்று 1880இல் டெய்லர் சோதனைகளைத் தொடங்கினார். ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்தார். முடிய 26 ஆண்டுகள் ஆயின. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். எட்டு லட்சம் ராத்தலுக்கு மேற்பட்ட இரும்பும் எஃகும் சீவலாக மாறின. நம் கணக்கில் 360 டன்னுக்கு மேல்! வெட்டும் இடத்தில் சுருளின் மேலேயே தண்ணீரைத் தாராளமாகக் கொட்டினால், கருவி கெடாமல் வேகத்தை நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு கூட்டலாம் என்று அவர் கண்டார்.

அதன் பிறகு மான்செல் ஒயிட் என்பவரோடு சேர்ந்து, சூட்டில் பதம் இழக்காத ஒருவகை எஃகைக் கண்டுபிடித்தார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அந்தக் கருவி முனை சிவக்கச் சிவக்க இரும்பை வெட்டியதையும், நீலச் சுருள்கள் பறந்ததையும் கண்டு பொறியாளர்கள் திகைத்துப் போனார்கள். கடையில் அலகு வாங்கும்போது 'ஹெச்.எஸ்.எஸ்.' என்று பொறித்திருப்பதைப் பார்க்கிறோமே, அந்த அதிவேக எஃகு இந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்ததுதான்.

இந்த வரலாற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. டெய்லர் வெட்டும் வேகத்தை மட்டும் அளக்கவில்லை. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளக்கச் சொன்னார். எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை நிர்வாகமே எழுதிக் கொடுக்கும். தொழிலாளி அதன்படி செய்தால் போதும் என்றார். 1911இல் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் தொழிலாளர்கள் அந்தக் கடிகாரத்தை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. நிரையில் இத்தனை மரம், இத்தனை ராத்தல் பால் என்று கணக்கு வைத்து வேலை வாங்கப்பட்ட நமக்கு இந்தச் சண்டை புரியாததல்ல. அறிவு தொழிலாளியின் கையில் மட்டும் இருந்த வரையில் அவருக்குப் பட்டறையில் ஒரு மதிப்பு இருந்தது. அந்த அறிவு ஏட்டுக்குப் போனபின், ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர் கை ஓங்கியது. கையும் ஏடும் இரண்டுமே தெரிந்தவர்தான் எவருக்கும் கட்டுப்படாமல் தலைநிமிர்ந்து நிற்க முடியும்.

சுருள் எப்படிப் பிறக்கிறது என்பதையும் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். கோடரி விறகைப் பிளப்பதுபோலக் கருவி இரும்பைப் பிளக்கிறது என்றுதான் முதலில் பலர் எண்ணினார்கள். 1881இல் இங்கிலாந்தில் மாலக் என்பவர் நுண்ணோக்கியில் பார்த்து, அது பிளவு அல்ல, உலோகம் ஒரு சாய்வான தளத்தில் வழுக்கி நகர்ந்து சுருளாகிறது என்று சொன்னார். 1937இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த பீஸ்பனன் இதற்கு ஓர் எளிய உவமை சொன்னார். ஒரு சீட்டுக்கட்டைச் சாய்வாக நிறுத்தி, ஒரு பக்கத்திலிருந்து தள்ளினால், சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சறுக்குமல்லவா? இரும்பும் அப்படித்தான் படலம் படலமாகச் சறுக்குகிறது. அதனால்தான் சுருளின் ஒரு பக்கம் கண்ணாடிபோல வழவழப்பாகவும், மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கிறது. சீவிய கனத்தைவிடச் சுருள் தடிப்பாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

1938இல் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் என்பவர் சீவலை மூன்று வகையாகப் பிரித்தார். துண்டு துண்டாக உடைவது ஒன்று. நீளமாக, அறுபடாமல் வருவது இரண்டு. கருவி முனையிலேயே உலோகம் ஒட்டிக்கொள்ள, கரடுமுரடாக வருவது மூன்று. பின்பு மெர்ச்சன்ட் என்பவர் அவருடன் சேர்ந்து கணித விதிகளும் வகுத்தார். இன்றும் தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்த மூன்று வகைகளையே பாடமாகச் சொல்லித் தருகிறார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நெகிரி செம்பிலானில் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சன் வரையிலான ரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. ரயில் வந்த இடத்தில் பட்டறை வந்தது. பட்டறை வந்த இடத்தில் தமிழ்த் தொழிலாளியும் வந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூர் செந்தூலில் மலாய் மாநிலங்களின் ரயில்வேயுடைய மத்தியப் பட்டறை எழுந்தது. நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவதும், பெட்டிகள் கட்டுவதும் அங்கே நடந்தன. தமிழர்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். செந்தூலே ஒரு தமிழ் ஊர்போல ஆயிற்று. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஜப்பானியர் வசம் இருந்த அந்தப் பட்டறைமேல் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசின. போருக்குப் பின் மறுபடியும் எழுந்து, பல பத்தாண்டுகள் உழைத்தது. பின்னாளில் ரயில் பராமரிப்பு வேலை பத்து காஜாவுக்குப் போயிற்று.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களிலும் சிறிய அளவில் பட்டறைகள் இருந்தன. பால் உறைந்ததும் தகடாகப் பிழியும் உருளைகள், புகைக்கூண்டு, பம்பு, லாரி, டிராக்டர் ஆகிய எல்லாவற்றுக்கும் பழுது பார்க்க ஆள் வேண்டும். ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்த பிறகு, ஆலைகளில் கொதிகலனும் பிழியும் இயந்திரமும் கூடின. அங்கே பிட்டராக வந்தவர்களில் பலர் வெட்டுக்காரரின் பிள்ளைகள். எடுபிடியாகச் சேர்ந்து, பெரியவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றவர்கள். சுருளைப் பார்த்தே அலகு மழுங்கிவிட்டது என்று சொல்லக்கூடிய கண் அவர்களுக்கு இருந்தது. ஆனால் அந்த அறிவை யாரும் தமிழில் எழுதி வைக்கவில்லை. டெய்லரிடம் காகிதம் இருந்தது, நம்மிடம் இல்லை. பெரியவர் ஓய்வு பெற்றதும் அறிவும் அவரோடு போய்விட்டது.

மலாய் மொழியில் ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைப்பதை 'மெரந்தாவ்' என்பார்கள். நெகிரி செம்பிலானில் குடியேறிய மினாங்கபாவ் மக்களின் பழைய வழக்கம் அது. கடல் கடந்து வந்த நம் பாட்டன் பாட்டியும் அதையே செய்தார்கள். தோட்டங்கள் கைமாறி, வீட்டுமனையாகி, வேலை குறைந்தபோது நம் பிள்ளைகள் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் புறப்பட்டார்கள். கையில் தொழிலோடு போனவர்கள் நிலைத்தார்கள். வெறுங்கையோடு போனவர்கள் அல்லல்பட்டார்கள். ஆகவே, அந்தப் பெரியவர்களின் கண்ணுக்குத் தெரிந்ததையும், டெய்லர் போன்றவர்களின் ஏட்டில் இருப்பதையும் சேர்த்து, சுருள் சொல்லும் சேதியை இங்கே ஒவ்வொன்றாகச் சொல்லுவோம். தொழில் பழகும் பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில் நல்ல அடையாளம். சாதாரண இரும்பில் துளை போடும்போது இரண்டு பள்ளங்களிலிருந்தும் ஒரே கனத்தில் இரண்டு சுருள்கள் ஏறி, ஒன்றிரண்டு சுற்று சுருண்டு உடைந்து விழுந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். பத்து மில்லிமீட்டர் அலகு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. அதை இரண்டு விளிம்புகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. பட்டை சீவிய கத்தியைவிட மிக மெல்லிய சீவல் இது.

ஒரு பள்ளத்திலிருந்து மட்டும் சுருள் வந்து, மறுபள்ளம் சும்மா இருந்தால்? அலகைத் தீட்டியதில் கோணல். ஒரு விளிம்பு நீளம், மற்றது குட்டை; ஒன்றே எல்லா வேலையையும் செய்கிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு மட்டும் இழுப்பதுபோல. துளையும் அளவுக்கு மீறி அகன்றுவிடும். சாணைக்கல்லில் திரும்பத் தீட்ட வேண்டும். பொது வேலைக்கு முனையின் கோணம் 118 பாகை. இரண்டு விளிம்பும் ஒரே நீளம், ஒரே சாய்வு.

சுருள் உடையாமல் முழம் முழமாக நீண்டு, அலகைச் சுற்றிக்கொண்டால்? பெரும்பாலும் அழுத்தம் போதவில்லை. மெல்லிய சீவல் நூல்போல வளையும், உடையாது. சற்றுக் கூடுதலாக அழுத்தி இறக்கினால் சீவல் தடித்து, வளையும்போதே முறியும். அதுவும் போதாவிட்டால் இடையிடையே அழுத்தத்தை ஒரு கணம் விட்டுப் பிடித்தால் சுருள் அறுந்துபோகும்.

இரும்பில் சுருள் வராமல் தூளாக உதிர்ந்தால் அலகு மழுங்கிவிட்டது. சீவவில்லை, தேய்க்கிறது. கீச்சென்று சத்தமும் வரும். அப்போது இன்னும் ஓங்கி அழுத்துவது தவறு; நிறுத்தித் தீட்டுவதே சரி. ஆனால் வார்ப்பிரும்பில் துகளாக உதிர்வது இயல்பு. அது உடையும் குணமுள்ளது. எண்ணெய் இல்லாமலே துளை போடலாம். எந்த உலோகம் என்று அறியாமல் சுருளுக்குப் பொருள் சொல்லக் கூடாது.

சுருள் நீலமாக வந்தால் அந்த இடத்தில் சூடு ஏறத்தாழ 300 பாகை செல்சியஸை எட்டிவிட்டது. வைக்கோல் நிறம் அதற்கு முந்திய எச்சரிக்கை. பழைய கார்பன் எஃகு அலகானால் இந்தச் சூட்டில் பதம் போய்விடும். அதிவேக எஃகு ஏறத்தாழ 600 பாகை வரையில் தாங்கும். ஆனாலும் கைவேலைக்கு நீலச் சுருள் நல்லதல்ல. வேகத்தைக் குறைத்து, எண்ணெயோ, எண்ணெய் கலந்த நீரோ துளைக்குள் போகும்படி ஊற்ற வேண்டும். அலகு பெரிதாகப் பெரிதாகச் சுழல் வேகம் குறைய வேண்டும் என்பதை நம்மவர் பலர் மறந்துவிடுகிறார்கள். அதிவேக எஃகு அலகால் சாதாரண இரும்பில் 5 மில்லிமீட்டர் துளைக்கு நிமிடத்துக்கு 1,600 சுற்று என்றால், 10 மில்லிமீட்டருக்கு 800, 20 மில்லிமீட்டருக்கு 400.

சுருள் வந்துகொண்டே இருந்து, திடீரென்று நின்றுவிட்டால்? பள்ளத்தில் சுருள் அடைத்துக்கொண்டது. துளையின் ஆழம் அலகின் குறுக்களவைப்போல மூன்று மடங்கைத் தாண்டினால் இந்த ஆபத்து கூடும். அடிக்கடி அலகை வெளியே எடுத்துச் சுருளைப் போக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் இறக்க வேண்டும். அடைப்போடு அழுத்தினால் அலகு உள்ளேயே முறியும். துளையும் போச்சு, அலகும் போச்சு.

எவர்சில்வர் என்று நாம் சொல்லும் துருப்பிடிக்காத எஃகு தனிக்குணம் படைத்தது. அலகு சீவாமல் ஒரே இடத்தில் தேய்ந்துகொண்டு நின்றால், அந்த இடம் கெட்டிப்பட்டு, பிறகு எந்த அலகுக்கும் அசையாது. வேகம் குறைவு, அழுத்தம் நிலையாக, அலகு கூர்மையாக, எண்ணெய் தாராளமாக. சுருள் வருவது ஒரு கணமும் நிற்கக் கூடாது. அலுமினியம் இதற்கு நேர்மாறு. மென்மையானது, ஆனால் அலகு முனையில் பசைபோல ஒட்டும். எர்ன்ஸ்ட் சொன்ன மூன்றாம் வகை இதுதான். சிறிது மண்ணெண்ணெய் விட்டால் ஒட்டாது. பித்தளையோ அலகைத் தானே உள்ளுக்கு இழுக்கும். விளிம்பின் கூரை எண்ணெய்க்கல்லால் சற்றே தட்டையாக்கிக்கொண்டால் இழுக்காது.

அலகின் நட்ட நடுவில் சுழல் வேகமே இல்லை. அங்கே அது வெட்டுவதில்லை, வெறுமனே நசுக்குகிறது. அதனால்தான் பெரிய துளைக்கு முன் சிறிய துளை ஒன்று போட்டுக்கொள்வது. அழுத்தும் பளு பாதியாகக் குறைந்ததுபோலக் கைக்குத் தெரியும்.

தாய்மார்களும் கேளுங்கள். உங்கள் மகனோ மகளோ பட்டறையில் வேலை பழகினால் இதைச் சொல்லி அனுப்புங்கள். சுழலும் அலகில் சுற்றிய சுருள் சவரக்கத்தி போன்றது. அதைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தூரிகையால் தள்ள வேண்டும். துணிக் கையுறை போடக் கூடாது. சுருள் கையுறையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். தொங்கும் சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல், துப்பட்டா, கழுத்துச் சங்கிலி இவையெல்லாம் ஆபத்து. கண்ணாடி அணியாமல் துளை போடக் கூடாது. துளையிடும் துண்டைக் கையால் பிடிக்காமல் இறுகப் பூட்ட வேண்டும். துளை மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில்தான் அலகு பற்றிக்கொண்டு துண்டைச் சுழற்றி அடிக்கும். அந்த நேரத்தில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இந்நாட்டில் 1967இல் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் பற்றிய சட்டமும், 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் இயற்றப்பட்டன. பாதுகாப்புக் கருவி கேட்பது பயந்தாங்கொள்ளித்தனம் அன்று, தொழிலாளியின் உரிமை. போன விரலுக்கு எந்த நட்டஈடும் ஈடாகாது.

நேயர்களே, ரம்ஃபோர்டு சூட்டைக் கண்டார். மோர்ஸ் சுருளுக்கு வழி கண்டார். டெய்லர் வேகத்தை அளந்தார். மாலக்கும் பீஸ்பனனும் சுருளின் பிறப்பைச் சொன்னார்கள். எல்லோரும் கழிவென்று தள்ளிய பொருளைக் குனிந்து எடுத்துப் பார்த்ததே இவர்கள் செய்த முதல் வேலை. நம் பட்டறைப் பெரியவர்களும் அப்படிப் பார்த்தவர்கள்தாம். எழுதி வைக்கும் வாய்ப்புதான் அவர்களுக்கு இல்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. தொழில் பழகும் பிள்ளை ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர் அலகு, என்ன வேகம், எப்படிப்பட்ட சுருள் என்று நாள்தோறும் தமிழில் எழுதி வரட்டும். வீட்டில் ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவர் இருந்தால் அவரிடம் கேட்டு, அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளட்டும். அடுத்து வருகிறவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.